ரியாலிட்டி ஷோக்களில் பெண்கள் ஏன் எப்போதும் சண்டைக்காரிகளாகவே தெரிகிறார்கள்?

கேள்வி இது: "எந்த ரியாலிட்டி ஷோவைப் போட்டாலும் பெண்கள் ஒன்று அழுகிறார்கள், இல்லாவிட்டால் புறம் பேசுகிறார்கள், அதுவும் இல்லாவிட்டால் குடுமிப்பிடிச் சண்டை. நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறார்களா, இல்லை அப்படிக் காட்டுகிறார்களா? 14 வயது மகள் விடாமல் பார்க்கிறாள். நிறுத்திவிடலாமா?"

நான் சில வருடங்கள் இந்த மாதிரி நிகழ்ச்சிகளின் எடிட்டிங் அறையில் வேலை பார்த்தவள். எந்த நிகழ்ச்சி என்று சொல்லப் போவதில்லை, தேவையும் இல்லை. வீட்டுக்கு வீடு வாசப்படி.

தயாரிப்பாளர்களிடம் இதைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? அந்தப் பெண் கத்தினாள், காட்டினோம். கத்தாததையா காட்டினோம்?" இதில் பாதி உண்மை. அவள் கத்தியிருப்பாள்தான். ஆனால் சட்டியில் இருந்தது அது மட்டும் இல்லையே. அதே நாளில் அவள் சிரித்திருப்பாள், தூங்கி வழிந்திருப்பாள், யாருக்கோ தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டிருப்பாள், ஒரு மணி நேரம் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அகப்பையைப் பிடித்திருக்கிற கை எதை அள்ளுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கை என்னுடையதாகவும் இருந்திருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு பெண் தன் அப்பா இறந்த கதையைச் சொல்லி அழுதாள். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இருந்த இன்னொரு பெண் முகத்தைச் சுளித்து, உதட்டைப் பிதுக்கி, வேறு பக்கம் திரும்புகிற ஒரு ஷாட். இரண்டரை நொடிதான். ஒளிபரப்பில் அது அழுகைக்கு நடுவே வந்தது. எடுத்தது அன்றைக்குக் காலையில். இடுப்பில் கட்டிய மைக் பெல்ட் தோலை உறுத்தியது, அதைச் சரிசெய்யத் திரும்பினாள், அவ்வளவுதான். அதே உடை, அதே சோபா, வெளிச்சமும் கிட்டத்தட்ட அதே. ஒட்டின இடம் தெரியவில்லை. அன்றிரவு முழுக்க "இவளெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று எழுதித் தீர்த்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு இல்லை. ஷாட் அழகாகப் பொருந்தியதே என்றுதான் இருந்தது. வருத்தமெல்லாம் ரொம்ப நாள் கழித்து வந்தது.

அந்த வசவைக் கவனியுங்கள். அதே வட்டத்தில் இரண்டு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் கொட்டாவியே விட்டான். இரண்டுமே எங்களிடம் இருந்தன, நிஜமாக அந்த நேரத்தில் எடுத்தவை. யாரும் அவற்றைத் தொடவில்லை. கொட்டாவி விடுகிற ஆண் ஒரு கதை ஆக மாட்டான். இன்னொரு பெண்ணின் அழுகைக்கு இரங்காத பெண் உடனே கதை ஆகிவிடுகிறாள், ஏனென்றால் "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்ற வசனம் பார்க்கிறவர் மனதில் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது. நாங்கள் படத்தை மட்டும் வைத்தால் போதும், வசனத்தை அவரே பேசிக்கொள்வார். என்னைக் கேட்டால், முத்திரை குத்துவது என்பதன் சூட்சுமமே இதுதான். எடிட்டருக்கு அது நேரம் மிச்சம் பிடிக்கிற வழி. 20 பேரை ஒரு மணி நேரத்தில் அறிமுகப்படுத்த வேண்டும், ஒவ்வொருவரையும் மனிதராகக் காட்ட நேரம் இல்லை. அழுமூஞ்சி, சூழ்ச்சிக்காரி, வெகுளி, வாயாடி என்று நெற்றியில் ஒட்டிவிட்டால் மூன்று நொடியில் வேலை முடிந்தது.

இது புதிதாக வந்த நோயும் இல்லை. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1973-ல் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வாழ்க்கை 12 பகுதிகளாக வந்தது, 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்று. ரியாலிட்டி தொலைக்காட்சியின் கொள்ளுப்பாட்டி என்று அதைத்தான் சொல்வார்கள். ஏழு மாதம் கேமரா வீட்டுக்குள் இருந்தது. சுமார் 300 மணி நேரப் படச்சுருள் 12 மணி நேரமானது. அந்த வீட்டம்மா பாட் லௌட், கேமரா முன்னாலேயே கணவரை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். கணவரின் துரோகம்தான் காரணம். ஆனால் ஒளிபரப்பானதும் விமர்சகர்கள் கடித்துக் குதறியதில் அந்தம்மாவுக்கும் பெரிய பங்கு கிடைத்தது. எங்களை வெட்டி ஒட்டி வேறு ஆளாகக் காட்டிவிட்டார்கள் என்று அந்தக் குடும்பம் அப்போதே புகார் சொன்னது. 50 வருடம் கழித்தும் வெளியேறுகிற ஒவ்வொரு போட்டியாளரும் சொல்கிற அதே புகார்.

சரி, எங்கெல்லாம் இந்த வேலை நடக்கிறது? ஆள் எடுக்கும்போதே பாதி முடிந்துவிடும். நேர்காணலில் "நல்ல பெண்" என்பது தகுதியே கிடையாது. "இவள் கன்டென்ட் கொடுப்பாளா?" என்பதுதான் கேள்வி. எது அவளைச் சீண்டும், எந்தப் பேச்சில் கண் கலங்குவாள், பழைய காதல் உண்டா, குடும்பத்தில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு இருக்கும். பிறகு ஒத்தே போகாத இருவருக்கு அடுத்தடுத்த கட்டில். இதற்கு ஸ்கிரிப்ட் எதற்கு?

ஸ்கிரிப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2006-ல் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' நிகழ்ச்சியில் வேலை பார்த்த 12 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களையும் எழுத்தாளர்களாக அங்கீகரித்துச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. எழுதப்படாத நிகழ்ச்சி என்று விளம்பரம் செய்த ஒன்றில் எழுதுகிறவர்கள் போராட வந்தது வேடிக்கைதான். அவர்கள் வசனம் எழுதவில்லை, காட்சிகளைக் கோர்த்துக் கதை எழுதினார்கள். யார் நாயகி, யார் வில்லி, எந்த வாரம் யார் அழ வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகும்.

அடுத்து அந்தத் தனி நாற்காலி. போட்டியாளர் தனியாக உட்கார்ந்து கேமராவிடம் மனம்விட்டுப் பேசுகிறாரே, அது. தனியாக இல்லை, எதிரே கேள்வி கேட்கிறவர் இருப்பார் அல்லது ஒலிபெருக்கியில் குரல் வரும். ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள்: கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். "அவள் அழுவது நடிப்பு என்று உனக்குத் தோன்றவில்லையா?" என்று நான்கு முறை, நான்கு விதமாகக் கேட்டால், ஐந்தாவது முறை களைத்துப்போய், "அவள் அழுவது நடிப்பு மாதிரிதான் தோன்றுகிறது" என்று ஒரு பதில் வரும். கேள்வி வெட்டுப்பட்டுப் போகும். பதில் மட்டும் அவள் தானாகவே போய்ப் புறம் பேசியது மாதிரி மிஞ்சும்.

அப்புறம் வெட்டி ஒட்டிய பேச்சு. தொழிலில் இதற்கு 'ஃபிராங்கன்பைட்' என்று பெயர், 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையில் பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உண்டாக்கிய அந்த ராட்சசனை வைத்து. பல இடங்களில் பேசியதை நறுக்கிச் சேர்த்து ஒரு புது வாக்கியம் தைப்பது. இதில் தமிழ் எடிட்டருக்குக் கூடுதல் வசதி உண்டு. நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "அவளை எனக்குப் பிடிக்காதுன்னு நான் சொல்லலையே" என்கிறாள். 'பிடிக்காது' வரைக்கும் வைத்துக்கொண்டு வாலை நறுக்கினால் போதும். குரல் மட்டும் கொஞ்சம் அந்தரத்தில் தொங்கும், முடிந்த மாதிரி இருக்காது. அந்த இடத்தில் ஒரு 'டொய்ங்' இசையைப் போட்டுவிடுவார்கள். உதட்டசைவு பொருந்தாது, அதனால் திரையில் அடுத்தவளின் முகம் வரும். இது ஒரு நல்ல அடையாளம்: காரசாரமான வாக்கியம் காதில் கேட்கிறது, ஆனால் பேசுகிறவரின் வாய் தெரியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

ஆண்களுக்கும் இதெல்லாம் நடக்கிறதே என்று கேட்பீர்கள். நடக்கிறது. முரடன், மக்கு, காதல் மன்னன் என்று அவர்களுக்கும் அச்சுகள் உண்டு. ஆனால் ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைக்கும்போதுதான் கணக்கு தப்புகிறது. போட்டியாளர்களே வாக்களித்து ஒருவரை ஒருவர் வெளியேற்றுகிற அமெரிக்க 'சர்வைவர்' நிகழ்ச்சியின் முதல் பருவம் 2000-ல் வந்தது. ரிச்சர்ட் ஹாட்ச் என்பவர் ரகசியக் கூட்டணி அமைத்து, ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு 10 லட்சம் டாலர் ஜெயித்தார். அவரைத் திட்டியவர்களும் அவர் மூளையை ஒப்புக்கொண்டார்கள், அந்த விளையாட்டை எப்படி ஆடுவது என்று காட்டிக்கொடுத்தவர் என்று இன்றுவரை பெயர். அடுத்த பருவத்தில் ஜெர்ரி மாந்தி என்ற பெண் வாய்த்துடுக்காகப் பேசினார், காய் நகர்த்தினார். பாதியிலேயே வெளியேறியும் விட்டார். ஆனால் வில்லிப் பட்டம் வருடக்கணக்கில் போகவில்லை. 2004-ல் பழைய போட்டியாளர்கள் கூடிய நேரலை மேடையில் பார்வையாளர்கள் கூச்சலிட்டதில் நடுவிலேயே எழுந்து போனார். அவன் செய்தால் சாணக்கியத்தனம், அவள் செய்தால் சகுனித்தனம்.

கறுப்பினப் பெண் என்றால் இந்த அச்சு இன்னும் இறுகும். அதே 2004-ல் வந்த, ஒரு வேலைக்காகப் போட்டி போடுகிற 'தி அப்ரன்டிஸ்' நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் ஒமரோசா மானிகோல்ட் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய வில்லி ஆனார். 'எப்போதும் கோபமாக இருக்கும் கறுப்பினப் பெண்' என்கிற படிமம் தொலைக்காட்சிக்கே மூத்தது, அவருக்காகத் தைத்த சட்டை இல்லை. பிறகு அவரே அந்தச் சட்டையை விரும்பிப் போட்டுக்கொண்டு அதை வைத்துப் பிழைத்தார் என்பதும் உண்மை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வேறு சட்டை யார் கொடுத்தார்கள்?

முத்திரைகளால் நிஜமான கெடுதல் வருவது, அந்தப் பெண் ஏதோ முக்கியமானதைச் சொல்ல வரும்போதுதான். 2019-ல் 'சர்வைவர்' 39-வது பருவத்தில் கெல்லி கிம் என்ற போட்டியாளர், ஓர் ஆண் போட்டியாளர் தன்னை அடிக்கடி தொடுவது பிடிக்கவில்லை என்று அவரிடமே சொன்னார். பிறகும் நிற்கவில்லை என்று கேமரா முன் அழுதார். கேமராவுக்குப் பின்னாலிருந்து தயாரிப்புக் குழுவின் குரல் வந்து பேசியதையே ஒளிபரப்பினார்கள். அந்த மனிதருக்கு எச்சரிக்கை கிடைத்தது, ஆட்டத்தில் தொடர்ந்தார். சக பெண்கள் இரண்டு பேர் அந்தப் புகாரையே ஆட்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள், பின்னால் மன்னிப்பும் கேட்டார்கள். புகார் சொன்ன பெண் வாக்கெடுப்பில் வெளியே போனார். அதற்குப் பிறகு படப்பிடிப்புக் குழுவில் ஒருவர் தொடர்பாக இன்னொரு சம்பவம் நடந்த பிறகுதான் அந்த ஆண் போட்டியாளர் நீக்கப்பட்டார். சேனல் வருத்தம் தெரிவித்தது, விதிகளை மாற்றியது. "பெண்கள் என்றாலே நாடகம்" என்று பல வருடம் பழக்கிவிட்ட மேடையில், ஒரு பெண் நிஜமாகக் கையைத் தூக்கினால் அதுவும் ஒரு காய் நகர்த்தலாகத்தான் தெரிகிறது.

இதில் எனக்கு மறக்கவே முடியாத ஆள் ஜேட் குடி. 1999-ல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' வடிவத்தின் பிரிட்டன் பதிப்பில், 2002-ல் வந்தவர். வறுமையிலும் குழப்பத்திலும் வளர்ந்தவர், பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். பேச்சில் படிப்பு தெரியாது, சத்தமாகச் சிரிப்பார், எதைப் பற்றியும் வெட்கமில்லாமல் "அப்படின்னா என்ன?" என்று கேட்பார். செய்தித்தாள்கள் அவரைப் பன்றி என்றே எழுதின. உருவம், பேச்சு, வர்க்கம், மூன்றையும் சேர்த்து ஒரே வசவு. ஆனால் நாலாவது இடம் பிடித்து வெளியே வந்ததும் அதே செய்தித்தாள்களுக்கு அவர் செல்லப்பிள்ளை ஆனார். 2007-ல் பிரபலங்களுக்கான பதிப்பில் மறுபடி உள்ளே போனார். அங்கே ஷில்பா ஷெட்டியை அவரும் வேறு இருவரும் நடத்திய விதம் இனவெறி என்று வெடித்தது. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமுக்கு 40,000-க்கும் மேல் புகார் போனது. அவர் பேசியது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அடைத்த வீட்டில் யார் யாரைப் பக்கத்தில் வைத்தால் தீப்பொறி பறக்கும் என்று யோசித்து வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் முகம் எந்த முதல் பக்கத்திலும் வரவில்லை. ஷில்பா ஜெயித்தார், ஜேட் வில்லி.

பிராயச்சித்தம் மாதிரி 2008-ல் இந்தியாவின் 'பிக் பாஸ்' இந்திப் பதிப்புக்கு வந்தார். தொகுப்பாளர் அதே ஷில்பா. வந்த இரண்டே நாளில், கேமராக்கள் இருக்கிற அந்தத் தனியறையில்தான், தனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற செய்தி தொலைபேசியில் அவருக்குத் தெரிந்தது. 2009 மார்ச்சில், 27 வயதில் இறந்தார். கடைசி மாதங்களையும் கேமராக்கள் பின்தொடர்ந்தன, பிள்ளைகளுக்குப் பணம் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் கதையைப் பார்த்துவிட்டு இங்கிலாந்தில் லட்சக்கணக்கான பெண்கள் கூடுதலாகப் பரிசோதனைக்குப் போனார்கள். பன்றி, செல்லம், வில்லி, தியாகி என்று ஏழே வருடத்தில் நான்கு முத்திரை. ஆள் என்னவோ ஒருவர்தான்.

நல்லவிதமாகக் காட்டுவதிலும் இதே வேலை உண்டு என்பதற்கு சூசன் பாயிலைச் சொல்லலாம். 2009 ஏப்ரலில் ஒளிபரப்பான 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' போட்டியின் மேடைக்கு வந்தபோது வயது 47. கலைந்த தலை, சாதாரண உடை. பாடகி ஆக வேண்டும் என்று சொன்னதும் கூட்டத்தில் கண்ணை உருட்டுகிற ஒரு பெண்ணைக் காட்டினார்கள், நடுவர்களின் நக்கல் முகங்களைக் காட்டினார்கள். பாடினார், அரங்கமே எழுந்தது, உலகமே கண்ணீர் விட்டது. நானும்தான். அப்புறம் யோசித்தால், இந்த மாதிரி போட்டிகளில் நடுவர் முன்னால் ஏற்றுவதற்கு முன்பே தயாரிப்புக் குழு பாடவைத்துக் கேட்டிருக்கும். அவர் எப்படிப் பாடுவார் என்று தெரிந்தேதான் அந்த நக்கல் முகங்களை முன்னால் அடுக்கினார்கள். இப்படி இருக்கிற பெண்ணுக்குக் குரல் இருக்காது என்று நாம் நம்பினால்தானே ஆச்சரியம் வரும்? அழகே இல்லாதவள் என்று முதலில் நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, பிறகு அதற்காக நம்மை அழவும் வைத்தார்கள்.

இந்த அழகு விவகாரத்தின் உச்சம் 2004-ல் வந்த 'தி ஸ்வான்'. தங்களை அழகில்லை என்று நினைத்த பெண்களுக்கு மூன்று மாதம் அறுவைச் சிகிச்சை, பயிற்சி, அதுவரை கண்ணாடியே பார்க்கக் கூடாது. கடைசியில் கண்ணாடித் திரை விலகும். அத்தோடு விட்டார்களா, வாரம் இருவரை நிறுத்தி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அழகிப் போட்டிக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் கத்தி பட்ட பிறகும் தோற்றுப்போன இன்னொருத்தி வீட்டுக்குப் போக வேண்டும். இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை, சொன்னாலே போதும்.

பார்க்கிறவர்கள் மீது என்ன பாதிப்பு? அமெரிக்கப் பெண் சாரணியர் அமைப்பு 2011-ல் 11 முதல் 17 வயது வரையிலான 1,100-க்கும் மேற்பட்ட சிறுமிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. தொடர்ந்து ரியாலிட்டி ஷோ பார்க்கிறவர்களில் 78 சதவீதம் பேர், புறம் பேசுவது பெண்களுக்குள் சகஜம்தான் என்றார்கள். பார்க்காதவர்களில் 54 சதவீதம். இது பெண் பிள்ளை வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அதே ஆய்வில், தலைவியாக வேண்டும் என்ற ஆசையும் பார்க்கிறவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. பார்த்ததால் அப்படி ஆனார்களா, அப்படிப்பட்டவர்கள்தான் பார்க்கிறார்களா என்பதை இந்த மாதிரி ஆய்வு சொல்லாது. ஆகவே இதை வைத்துப் பயந்து ரிமோட்டை ஒளிக்க வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைப் பற்றித்தான். ஜப்பானில் 'டெரஸ் ஹவுஸ்' என்று ஒரு நிகழ்ச்சி, சாந்தமான நிகழ்ச்சி என்று பெயர் வாங்கியது. அதில் இருந்த ஹனா கிமுரா மல்யுத்த வீராங்கனை. அவருடைய போட்டி உடை துவைக்கும் இயந்திரத்தில் சுருங்கிப்போனது. கோபத்தில், அதற்குக் காரணமான ஆணின் தொப்பியைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இணையத்தில் வசவு மழையாகக் கொட்டியது. 2020 மே மாதம், 22 வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு 2022-ல் ஜப்பான், அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தைக் கடுமையாக்கியது. பிரிட்டனில் 2021 ஏப்ரல் முதல், பங்கேற்பவர்களின் நலனைக் கவனிப்பது ஒளிபரப்பாளரின் கடமை என்று ஆஃப்காம் விதியில் சேர்த்தது. வசவு எழுதுகிறவர் தான் ஒரு கதாபாத்திரத்தைத் திட்டுவதாகத்தான் நினைக்கிறார். படிக்கிறவள் அந்தக் கதாபாத்திரம் இல்லையே.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் போனில் பார்ப்பாள். கூட உட்கார்ந்து பாருங்கள், ஆனால் பிரசங்கம் வேண்டாம். என் அக்கா மகளுக்கும் கிட்டத்தட்ட இதே வயது. அவள் ஒருத்தியை அடியோடு வெறுத்தாள். "சித்தி, இவ மூஞ்சியப் பாருங்க, எவ்ளோ திமிரு" என்பாள். ஒருநாள் ஒரு விளையாட்டு வைத்தேன். அந்தத் 'திமிர்' காட்சியைத் திரும்ப ஓட்டி, சத்தத்தை மட்டும் அணைத்தோம். இசை இல்லை, பின்னணிப் பேச்சு இல்லை. ஒரு பெண் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள், முடியை ஒதுக்குகிறாள். இரண்டாவது தடவை ஓட்டினோம். "என்ன சித்தி, இவ ஒண்ணுமே பண்ணலையே?" என்றாள்.

கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை மறுபடி வைத்தாள். அந்த வாரம் யார் வெளியே போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கும்.